காலம் கெட்டுப்போச்சு

எங்கள் லேபில் யாராவது "காலம் கெட்டுப்போச்சு" என்றால் கலியுகத்தைப் பற்றிய புலம்பல் இல்லை. கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. மெஷினில் மாட்டும் எஃகுக் குழாய்க்கு எங்கள் பாஷையில் 'காலம்' (column) என்றுதான் பெயர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ராத்திரி பதினொன்றரைக்கு நானும் அதைத்தான் சொன்னேன்.

இபுபுரூஃபன் 400 மில்லிகிராம் விழுங்கியவர்களின் பிளாஸ்மா சாம்பிள்கள். இந்த மருந்தில் எஸ், ஆர் என்று இரண்டு உருவங்கள், ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். வலியை அடக்குவது பெரும்பாலும் எஸ். மாத்திரையில் இரண்டும் பாதிக்குப் பாதி. பக்கத்து அறையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது, ஆனால் அது தராசு மாதிரி. இரண்டுக்கும் ஒரே மூலக்கூறு எடை, 206. இடது செருப்பையும் வலது செருப்பையும் தராசில் வைத்தால் என்ன தெரியும்? காலை விட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் 'கால்'தான் எங்கள் காலம். சிலிக்கா துகள்களின் மேல் ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரோட்டீனை ஒட்டியிருப்பார்கள். நம் ரத்தத்திலேயே மிதக்கிற புரதம் அது. இரண்டு உருவங்களில் ஒன்றை மற்றதைவிடக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், அதனால் ஸ்கிரீனில் இரண்டு பீக்குகள் (மேடுகள்) தனித்தனியாக விழும். சூடு ஏறினாலோ கரைப்பானின் பி.எச். நகர்ந்தாலோ முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரகம்.

முதலில் பிளாஸ்மாவிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க வேண்டும். 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, கொஞ்சம் அமிலம், ஹெக்சேன் கலவை, வார்டெக்ஸில் ஒரு குலுக்கல், சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுழற்றல். மேலடுக்கை மட்டும் பிப்பெட்டில் எடுக்க வேண்டும். நுனி நடுவில் இருக்கிற வெள்ளைப் படலத்தில் பட்டால் அந்தக் குழாயின் கதை முடிந்தது. பிறகு நைட்ரஜன் ஊதிக் காயவைப்பது.

அளவு தெரிந்த மருந்தை வைத்து நாங்களே தயாரித்த ஸ்டாண்டர்டுகளில் இரண்டு பீக்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம். மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரம் கழித்து எடுத்த சாம்பிளிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆறு மணி நேர சாம்பிளில் எஸ் தலைதூக்கி நிற்கிறது, ஆர் பாதிகூட இல்லை. என் கைதான் பிசகிவிட்டது என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் இரண்டு சாம்பிளை மறுபடி எக்ஸ்ட்ராக்ட் செய்தேன். அதே படம். காலம் போயே போச்சு என்று முடிவு கட்டினேன்.

காலையில் மேடம் ஸ்கிரீனைப் பார்த்தார். "ஸ்டாண்டர்டு சரியா இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப காலத்த ஏம்ப்பா திட்டுற? அந்த மனுஷனோட லிவர் வேலை செஞ்சிருக்கு."

உடம்புக்குள் ஆர், அங்கேயே இருக்கும் கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறோடு சேர்ந்து, உருவம் புரண்டு, எஸ்ஸாக வெளியே வருகிறது. உள்ளே போகிற ஆரில் பாதிக்கு மேல் இப்படி மாறிவிடும். எஸ் திரும்ப ஆராவது கிடையாது, ஒருவழிப் பாதை. எம்.ஃபார்மில் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதிய பதில் பீக்காக எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

மேடம் அதோடு விடவில்லை. காரணம் இல்லாமல் சாம்பிளைத் திரும்பச் செய்வது எங்கள் தொழிலில் பெரிய குற்றம், பிடித்த எண்ணை எடுத்துக்கொள்கிறாயா என்று எங்கள் ரெக்கார்டுகளைச் சோதிக்க வரும் ஆடிட்டர் கேட்பார். ரெஜிஸ்டரைத் திறந்து, 'காரணம்' என்ற கட்டத்தில் விரலை வைத்து, "உள்ளத உள்ளபடி எழுது" என்றார்.

எழுதினேன். பெரிய பீக்கைப் பார்த்து அனலிஸ்ட் பயந்துவிட்டார் என்பதை மூன்று வரியில் நாகரிகமாக எழுத அரை மணி நேரம் ஆனது.