பாரத்தில் ஒரு கட்டம்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் என்ற ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. 26 வருடமாகிறது. எந்த மாத்திரையைச் சாப்பிட்டதும் போட வேண்டும், எதைப் போட்டால் மோட்டார் ஓட்டக் கூடாது என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட எனக்கு, போன வருடம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விண்ணப்பப் பாரத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஒரே ஒரு கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை.

அண்ணன் மகன் விமானி ஆக வேண்டும் என்கிறான். வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வயது 20. பயிற்சிக்கு மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் ஆகும். கடனோ உதவித்தொகையோ, எதைத் தேடுவதானாலும் அதற்கு முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள் என விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான். அந்தச் சான்றிதழுக்கான பாரம்தான் மேசையில் கிடந்தது. தலைவலி, மயக்கம், ஆஸ்துமா, வலிப்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, மனநலம் சம்பந்தமாக எப்போதாவது ஏதாவது இருந்ததா என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை. இரண்டு கட்டம்.

"இல்லைனு போட்டுட்டுப் போ," என்றார் அண்ணன். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர், அளந்துதான் பேசுவார். "சின்னப் பிள்ளையில நடந்தது. எவன் வந்து பார்க்கப் போறான்?"

சின்னவன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அண்ணி என்னைப் பார்த்தார். பழைய தாள்கள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. ஒரு பிஸ்கட் டின்னில், அலமாரிக்கு மேலே.

அவனுக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. பள்ளி முழுக்கச் சேர்த்தாலும் எண்பது பிள்ளைகள் தேறாது. ஈப்போ பக்கமிருந்து ஒரு சின்ன விமானம் உறுமிக்கொண்டு வந்தால் போதும், டீச்சர் பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போதே இவன் திடலில் நிற்பான். பென்சில் வாரத்துக்கு ஐந்து. காலணியில் ஒற்றைக்கால் மட்டும் வீடு வந்து சேரும். அண்ணன் ரோத்தானை எடுத்தார். எங்கள் அம்மா, முப்பது வருடம் கித்தா மரம் சீவியவர், முனியாண்டி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். வாலு, அடங்காதவன், காற்று பட்டவன். இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தோட்டத்தில் மொத்தம் இந்த மூன்று பெயர்தான்.

நான்தான் விடவில்லை. கிளினிக் டாக்டரிடம் கடிதம் வாங்கி, ஈப்போவில் குழந்தைகள் மனநலம் பார்க்கும் இடத்துக்கு அவனை அழைத்துப் போனேன். பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள், ஆசிரியருக்கு ஒன்று. 'ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, மிக அடிக்கடி' என்று நான்கு பதில்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொல்ல, அண்ணி எல்லாவற்றுக்கும் "எப்பவுமே" என்றார். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. மூன்றாவது தடவை போனபோது ஏ.டி.எச்.டி. என்று எழுதினார்கள், அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற கோளாறு. கவனத்தை நிறுத்தி வைக்க ரிட்டலின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அந்த மருந்துக்குத் தனிப் பூட்டு, தனிப் பதிவேடு என்பது எனக்கு வேலையிலேயே தெரியும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பூட்டைத் திறக்கும்போது வயிற்றில் என்னவோ செய்கிறது. மாத்திரை போட்டால் மத்தியானச் சாப்பாடு இறங்காது. இரவு ஒன்பது மணிக்கு அண்ணி மறுபடி அடுப்பைப் பற்ற வைப்பார். ஆனால் படித்தான். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும்போது டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அடுத்த ஒரு வருடப் பள்ளி ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலில் கிரெடிட் எடுத்தான். அந்த ரிப்போர்ட் அட்டைகளும் டின்னில்தான் இருக்கின்றன.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னவனோடு அதே வகுப்பில் இன்னொரு பையன் படித்தான். அதே துள்ளல், அதே மறதி, இவனுக்கு ஒரு பிடி மேல் என்றே சொல்லலாம். அவனை யாரும் எங்கேயும் அழைத்துப் போகவில்லை. அடி வாங்கியே வளர்ந்தான். நாளைக்கே அந்தப் பையன் இந்தப் பாரத்தை எழுதினால் 'இல்லை' என்று போடலாம், அது பொய்யும் ஆகாது. எங்கள் பிள்ளையின் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்றால், அதைத் திறந்து வைத்தது நான். அத்தை என்று ஒருத்தி அக்கறைப்பட்டதால் வந்த வினை.

அப்புறம் எழுந்து போய்ப் படிக்க ஆரம்பித்தேன். விமானிகளின் உடல்நல விதிகளுக்கு அடிப்படை, அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் முதலாம் இணைப்பு. நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமும் அந்த நிறுவனத்தின் விதிகளை ஒட்டித்தான் உரிமம் கொடுக்கிறது. அதில் இருக்கக் கூடாத மனநலக் கோளாறுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. 'குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தொடங்கும் நடத்தை அல்லது உணர்ச்சிக் கோளாறு' என்று ஒரு வரி. சின்னவன் அந்த வரிக்குள்தான் வருகிறான். பார்த்ததும் மனசு உட்கார்ந்துவிட்டது. ஆனால் பட்டியல் முடிந்த பிறகு வாக்கியம் முடியவில்லை, ஒரு வால் இருக்கிறது: உரிமத்துக்குரிய வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாமல் ஆக்கக்கூடியதாக அது இருந்தால். அந்த வாலை நான்கு தடவை படித்தேன். முன்பு இருந்தது என்பதோடு கதை முடிந்துவிடவில்லை, இப்போது எப்படி இருக்கிறான் என்று பார்ப்பதற்கு இடம் இருக்கிறது.

எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அமெரிக்கர்கள் விலாவாரியாக வெளியிட்டிருக்கிறார்கள். அது அவர்கள் நாட்டு முறை, இங்கே அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. இருந்தாலும் ஒரு பிடிமானம் கிடைத்தது. அங்கே ஏ.டி.எச்.டி. மாத்திரை எடுத்துக்கொண்டு விமானம் ஓட்ட அனுமதியே கிடையாது. 2023-இல் ஒரு விரைவு வழி கொண்டுவந்தார்கள். கடைசி 4 வருடமாக மாத்திரையும் இல்லை, அறிகுறியும் இல்லை என்று காட்ட முடிந்தவர்களுக்கு வேலை சுருக்கம். மற்றவர்களுக்கு நீண்ட வழி: 90 நாள் மாத்திரை இல்லாமல் இருந்து, நரம்பியல் உளவியலாளர் முன்னால் முழுச் சோதனைக்கு உட்கார வேண்டும். மருந்து ஏதும் உடம்பில் இல்லை என்பதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை வேறு. சோதனைகளில் காக்ஸ்கிரீன் என்று ஒன்று உண்டு, விமானிகளுக்காகவே செய்த கணினிச் சோதனை. மதிப்பெண்ணை ஒப்பிடுவதும் மற்ற விமானிகளோடுதான். பள்ளி ரிப்போர்ட், மருத்துவப் பதிவு, வாகனம் ஓட்டிய பதிவு எல்லாம் கேட்பார்கள். ஏன் இவ்வளவு என்று சிலர் கோபப்படலாம். எனக்குக் கோபம் வரவில்லை. நான் அந்த மருந்தை எண்ணிக் கொடுத்தவள். அதன் வேகம் இறங்குகிற நேரத்தில் ஒரு பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவள். இரவு விமானத்தில் அந்த நேரம் எப்போது வரும் என்று யார் கணக்கு வைப்பது?

மறுநாள் சின்னவன் வேறு மாதிரிப் பேசினான். அவன் விபத்து அறிக்கைகளாகத் தேடிப் படிக்கிறவன். 1972 டிசம்பர் 29-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து மியாமிக்குப் போன ஈஸ்டர்ன் 401 விமானத்தைப் பற்றிச் சொன்னான். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சின்னப் பல்பு எரியவில்லை. அனுபவமுள்ள ஆட்கள் எல்லாரும் அந்தப் பல்பையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். தானியங்கிக் கருவி உயரத்தைப் பிடித்து வைக்கும் நிலையிலிருந்து நழுவியதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 101 பேர் செத்துப் போனார்கள்.

"பல்பு நல்லாத்தான் பார்த்தாங்க, அத்தை. விமானத்தைத்தான் யாரும் பார்க்கல. அவங்கள்ல யாரையாவது சின்ன வயசுல ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

சரியான கேள்விதான். ஆனால் நான் விடுவேனா? "அப்படின்னா, கவனம் யாருக்கு வேணும்னாலும் சிதறும். உனக்கு எப்படிச் சிதறும்னு பார்த்துச் சொல்லட்டுமே," என்றேன்.

அண்ணனுக்குச் சொன்னது வேறு. 2015 மார்ச் 24, ஜெர்மன்விங்ஸ் விமானம். துணை விமானி தன் மனநோயைக் கம்பெனியிடம் மறைத்துவிட்டு, 150 பேர் இருந்த விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் கொண்டுபோய் மோதினான். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் வேலைக்கு ஏறும் முன்பே விமானிகளுக்கு உளவியல் மதிப்பீடு கட்டாயம் என்று விதி வந்தது. சின்னவனுடைய விஷயமும் அந்த மனிதனுடையதும் ஒன்றே அல்ல, அதை அண்ணனுக்கும் அழுத்திச் சொன்னேன். ஆனால் மறைத்தது தெரிந்தால் இனி ஒருவரும் 'சின்ன விஷயம்தானே' என்று விட மாட்டார்கள். ஏ.டி.எச்.டி.க்கு மன்னிப்பு உண்டு, பொய்க்குக் கிடையாது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் லோரி டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார். அவரைப் பொறுத்தவரை அது சம்மதம்.

'ஆம்' கட்டத்தில் சின்னவன் குறி போட்டான்.

எதிர்பார்த்தபடியே கடிதம் வந்தது: பழைய மருத்துவக் குறிப்புகள், பள்ளி ரிப்போர்ட், உளவியல் மதிப்பீடு. டின்னைத் திறந்தேன். மருத்துவமனை ஒன்றில் பழைய குறிப்பைக் கேட்டால் தேடிப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று மூன்று வாரம் ஓட்டினார்கள். என்னிடம் இருந்த நகல்கள் இல்லாவிட்டால் இன்னும் ஓட்டியிருப்பார்கள். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். மருந்து நிறுத்திய தேதி எழுதிய தாளை மட்டுமாவது பத்திரப்படுத்துங்கள்.

மதிப்பீடு கோலாலம்பூரில். செலவு அண்ணனின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். இது எனக்கு உறுத்துகிறது. இரண்டு பையனுக்கு ஒரே குறை இருந்து, ஒருவன் அப்பாவிடம் பணம் இருந்தால் அவன் மட்டும் நிரூபித்துவிடுவான். அண்ணி கூட்டுப்பணம் எடுத்துக் கொடுத்தார்.

காலையில் உள்ளே போனவன் சாயங்காலம் கண் சிவந்து வந்தான். திரையில் எழுத்துகள் வந்து வந்து போகும், எக்ஸ் தவிர எது வந்தாலும் பொத்தானை அமுக்க வேண்டும், அது 14 நிமிடம். சும்மா கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும், உட்கார்ந்து பாருங்கள் தெரியும் என்றான். அவனை உலுக்கியது வேறொன்று. ஒலிப்பதிவில் ஒரு குரல் ஆங்கிலத்தில் எண்களாகச் சொல்லிக்கொண்டே போகும். வந்த எண்ணை அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும், நாம் சொன்ன விடையோடு கூட்டிவிடக் கூடாது. மூன்று, எட்டு என்றால் பதினொன்று. அடுத்து ஐந்து வந்தால் பதிமூன்று. யோசிக்க இரண்டு மூன்று விநாடிதான்.

"அத்தை, காதுல ஆங்கிலம், வாயில ஆங்கிலம். நடுவுல நான் தமிழ்லதான் கூட்டுறேன். எட்டும் அஞ்சும் பதிமூணு, தர்ட்டீன். அதுக்குள்ள அடுத்தது வந்துடுது."

தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிப் படித்த பிள்ளைக்கு அப்படித்தான் வரும். நானும் கிளினிக்கில் மாத்திரையைத் தமிழில்தான் எண்ணுகிறேன். அதை அந்த உளவியலாளரிடமே சொன்னாயா என்று கேட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டானாம். அவர் குறித்துக்கொண்டாராம். நல்ல மனுஷி என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் அவர் எனக்கு அழைத்தார். சிறு வயதிலிருந்து அவனைத் தெரிந்தவர்களிடம் பேச வேண்டுமாம், சின்னவன் அம்மாவுக்குப் பதிலாக என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். பாதி மலாய், பாதி ஆங்கிலம். கோபம் வருமா, ஆரம்பித்த வேலையை முடிப்பானா, நண்பர்கள் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "இப்போதும் பொருள்களைத் தொலைப்பானா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் 'ஆம்' போட வைத்தவள் நானல்லவா? போன தீபாவளிக்கு முதல் நாள் மோட்டார் சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டினோம், கடைசியில் ஐஸ் பெட்டிக்குள் தேங்காய்ப்பால் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. வயிற்றைக் கலக்கியது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சின்னவனிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அதுக்கப்புறம் வாசல்ல ஆணி அடிச்சேனே, அதைச் சொன்னீங்களா?"

எந்த ஆணி? எழுந்து போய்ப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால், என் கண் உயரத்தில், ஒரு ஆணியில் மோட்டார் சாவி. பக்கத்து ஆணியில் ஹெல்மட். மேலே அவன் கையெழுத்தில் ஒட்டியிருந்த அட்டை: சாவி, பணப்பை, ஐ.சி., கைப்பேசி, கேஸ் அடுப்பு. அட்டையின் ஓரம் பழுத்திருந்தது. எத்தனையோ மாதமாக அந்தக் கதவு வழியாகத்தான் நான் வந்து போகிறேன்.

"தீபாவளிக்கு அப்புறம் ஒரு தடவைகூடத் தொலைக்கல," என்றார் அண்ணன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காலையில் கிளினிக் திறப்பதற்கு முன்பே அந்த எண்ணுக்கு அழைத்தேன். "மன்னிக்கணும் டாக்டர், நேற்று ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துட்டேன்," என்று ஆரம்பித்தேன். ஆணியைச் சொன்னேன், அட்டையைச் சொன்னேன், அதில் எழுதியிருந்த ஐந்தையும் வரிசையாகச் சொன்னேன். அட்டையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பினேன். அறிக்கை இன்னும் வரவில்லை.