இலங்கைத் தோட்டங்களில், லயத்துப் (தொழிலாளர் வரிசை வீட்டுப்) பிள்ளைக்கு அடி விழுந்தால் எங்கே போவது?

தோட்டத் தலைவரிடம் சொல்லி, துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) சொல்லி, "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று இழுப்பதில்தான் பாதி முறைப்பாடு கெட்டுப்போகிறது. அதற்குள் காயம் ஆறிவிடும், பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். முதலில் 1929ஐ அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச எண், 24 மணி நேரமும். பக்கத்துக் காம்பராக்காரரும் (அடுத்த லய அறைக்காரரும்) அழைக்கலாம்.

பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதியிருந்தால், வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வேண்டாம். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வராதீர்கள். பாலியல் கொடுமை என்றால் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். ஆளாளுக்குப் பிள்ளையைத் துருவிக் கேட்டால், பிறகு "சொல்லிக்கொடுத்த கதை" என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

அடிப்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாரா? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை, அதாவது அடிப்பவரைத் தடுக்கும் உத்தரவு, கேட்கலாம். குற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவசரமென்றால் இடைக்காலக் கட்டளையும் உண்டு.

தாய் வெளிநாட்டில், தகப்பன் குடியில், பிள்ளை பட்டினியில் என்றால் சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் அரசாங்க நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போங்கள். சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தே பல பாட்டிமார் மறைக்கிறார்கள். தகுந்த உறவினரிடமும் நீதிமன்றம் ஒப்படைக்கலாம், பாட்டியே கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லையா, சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.