மைனஸ் எட்டில் மாமனாரோடு வாக்கிங்

மன்னார்குடியில் இருக்கும்போது, காலை ஐந்தரைக்கு ஹரித்ராநதி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு நடை போய் வராவிட்டால் என் மாமனாருக்குக் காபி இறங்காது. அப்படிப்பட்டவரை நவம்பர் கடைசியில் டொராண்டோவுக்கு அழைத்துவந்து, ஸ்கார்பரோவில் ஏழாவது மாடி வீட்டில் உட்கார வைத்தோம். கொஞ்ச நாள் ஜன்னலோடு சரி. அப்புறம் ஹாலில் எட்டு போட ஆரம்பித்தார். யூடியூப் டாக்டர்கள் புண்ணியத்தில் ஊரில் பாதி மொட்டைமாடியில் பெயிண்டால் வரைந்து வைத்திருக்கிறார்களே, அந்த எட்டுதான். சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே காலையும் மாலையும் தொம் தொம் என்று. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, "மேலே ஏதாவது மராமத்து வேலை நடக்கிறதா?" என்று ரொம்ப மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஆக, மனிதரை வெளியே இறக்கியே தீரவேண்டிய நிலைமை. "சரி, நாளைக்கு ஐந்தரைக்குக் கிளம்பிடுவோம்" என்றார் மாமா. டிசம்பரில் இங்கே சூரியன் எழவே ஏழே முக்கால் ஆகும், ராத்திரி உறைந்த ஐஸ் அப்போதுதான் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மத்தியானம் பதினொன்றரைக்கு வாக்கிங் போகிறவனை ஊரில் என்னவென்று நினைப்பார்கள் என்பது அவர் கவலை. ஊர் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்ற சமாதானம் எடுபடவில்லை. கடைசியில் அத்தை அதட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

அவரைக் கிளப்புவது தனிப் பாடு. உடம்போடு ஒட்டுகிற தெர்மல், மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். இது கணக்கு. மாமாவோ எல்லாவற்றுக்கும் அடியில் காட்டன் பனியன் போட்டே ஆகவேண்டும் என்றார். நம்மூர் வெயிலுக்குப் பருத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இங்கே அது வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும், நடையை நிறுத்தினால் நெஞ்சு ஜில்லிட்டுப் போகும். பனியனைக் கழற்ற வைத்ததற்கு ஈடாக வேட்டியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தெர்மல் பேண்ட், மேலே ட்ராக் பேண்ட், அதற்கும் மேலே மடித்துக் கட்டிய எட்டு முழ வேட்டி, கீழே பனி பூட்ஸ். தலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த காப்பிக்கலர் மங்கி கேப். இத்தனையும் முடித்து லிப்ட் பட்டனை அமுக்கியதும் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, ஒரு நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

ஒரு நிமிஷமா! இத்தனையையும் வரிசையாகக் கழற்றி, மறுபடி வரிசையாக மாட்ட வேண்டும். அவரையும் குறை சொல்ல முடியாது. குளிரில் தோலுக்கடியில் ஓடும் ரத்தக்குழாய் சுருங்கிவிடுவதால் ரத்தம் உள்ளுக்குள் சேரும், சிறுநீரகமும் தண்ணீரை வெளியே தள்ளும். இதற்கு மாமா கண்டுபிடித்த வைத்தியம், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பிரஷர் மாத்திரை போடுகிறவர், வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. அன்றிலிருந்து ஃபிளாஸ்கில் சுக்குக் காபி எங்களோடு வர ஆரம்பித்தது. 'முதலில் பாத்ரூம், பிறகு பேண்ட்' என்று வாசல்கதவில் அத்தை ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது.

தெருவுக்கு வந்தால் அடுத்த வம்பு. ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு கையையும் ஜாக்கெட் பையில் விட்டு, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூட ரவுண்ட்ஸ் போகிற நடையில் விறுவிறுவென்று போனார். நான் சொல்லி யார் கேட்பது? நல்லவேளை, எதிரே பக்கத்துக் கட்டிடத்து யாழ்ப்பாணத்து ஐயா வந்தார். எண்பதுகளில் இங்கே வந்து சேர்ந்தவர்.

"அண்ணை, கையைப் பொக்கற்றுக்க வைக்காதேங்கோ. சறுக்கினா பிடிமானத்துக்குக் கை வேணுமெல்லே. பாதம் முழுக்க ஊண்டி, கிட்டக்கிட்ட வையுங்கோ, பென்குயின் நடக்கிறமாதிரி."

"பென்குயினா?" என்று மாமா என்னைப் பார்த்தார். அந்த வார்த்தையை நான் சொல்லியிருந்தால் அன்றே மன்னார்குடிக்கு டிக்கெட் கேட்டிருப்பார். சொன்னது தன் வயதுக்காரர் என்பதால், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.

அப்புறம் என் துணையே தேவைப்படவில்லை. தினமும் பதினொன்றரைக்கு இரண்டு பென்குயின்களும் கீழே ஆஜர். நல்லூர் தேர் பெரிதா, ராஜகோபாலசாமி கோயில் தேர் பெரிதா என்ற வழக்கு ஒரு முடிவுக்கு வராமல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருகிறது. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் இருபத்தெட்டுக்குப் போனால் திறந்திருக்கிற தோல் பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் உறைந்துபோகலாம் என்பதால் அன்றைக்கு மட்டும் வழக்கு மாலுக்கு மாற்றப்படும்.

பூட்ஸுக்கடியில் மாட்டுகிற இரும்பு முள் வைத்த ரப்பர் பட்டையும் அந்த ஐயா உபயம். ஐஸில் அது கெட்டியாகப் பிடிக்கும், டைல்ஸ் தரையிலோ வழுக்கும். கடைக்குள் போகுமுன் கழற்ற வேண்டும். மாமா குனிய மாட்டார், ஸ்டூலில் உட்காருவதும் கௌரவக் குறைவு. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டுவார், நான் உரித்தெடுக்க வேண்டும்.

போன வாரம் பூங்காவிலிருந்தே மன்னார்குடி நண்பருக்கு வீடியோ கால் போட்டார், மைனஸ் எட்டில். அந்தப் பக்கம் ராத்திரி பத்து மணி. நண்பர் மப்ளர், ஸ்வெட்டர், போர்வை சகிதம் மூக்கை உறிஞ்சினார். "இருபத்திரண்டு டிகிரிப்பா, தாங்க முடியலே. வாசப்பக்கமே போறதில்லே. உனக்கு அங்கே பரவாயில்லையா?"

மாமா மங்கி கேப்பை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "கையைப் பையில வைக்காதே, முதல்ல அதைச் சொல்லு..." என்று பாடத்தை ஆரம்பிக்கும்போதே, குளிரில் பேட்டரி படுத்துப் போன் அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போட்டுவிட்டு மீதியைச் சொல்லி முடித்தார். மன்னார்குடியில் அப்போது மணி பதினொன்றரை.