கூல் என்றால் குளிர்ச்சி மட்டுமா?

பேருந்தைத் தவறவிட்டதால் வர அரை மணி நேரமாகும் என்று அண்ணன் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். "கூல் சித்தப்பா" என்று பதில் வந்தது. கோபித்துக்கொண்டாளோ என்று சற்றுக் கலங்கித்தான் போனேன். 'சரி, பரவாயில்லை' என்பதே அதன் பொருள் என்பது நேரில் கேட்ட பிறகே விளங்கியது.

ஆங்கில அகராதியைப் புரட்டினால் மிதமான குளிர்ச்சி என்பதே முதற்பொருளாக நிற்கிறது. அதிலிருந்து பதற்றமின்மை என்ற பொருள் கிளைத்தது இயல்பே. உணர்ச்சிவசப்படாத அறிவை ஷேக்ஸ்பியரே 'கூல் ரீசன்' என்று குறித்திருக்கிறார். ஆயினும் வந்தவரை முகங்கொடுத்துப் பேசாமல் வேண்டாவெறுப்பாக வரவேற்பதற்கும் இதே சொல்தான் என்பது வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டிலிருந்து பெருந்தொகையை அழுத்திச் சொல்லவும் இது பயன்பட்டு வருகிறது. 'கூல் மில்லியன்' என்றால் முழுசாகப் பத்து லட்சம்.

பாராட்டுச் சொல்லாக இதைப் பரப்பியதில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மைல்ஸ் டேவிஸ் 1949, 1950ஆம் ஆண்டுகளில் பதிவு செய்த இசை, 1957இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது அதன் தலைப்பிலேயே இச்சொல் இடம்பெற்றிருந்தது.

அண்ணன் மகளுக்கு இவ்வளவையும் விளக்கி முடித்தேன். அதற்கும் "கூல்" என்றாள். அருகிலிருந்த அம்மா, ஆடி மாதத்துக் கூழைத்தான் கேட்கிறாள் என்று எண்ணிச் சமையலறைக்குள் போய்விட்டார்.