வகைப் பாதுகாப்புக்கு விலை உண்டா?

தைப்பூச விடுமுறையன்று ரோஸ்ஹில் வீட்டில் அமர்ந்து லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நினைவக மேலாண்மை நிரலைப் படித்தபோது, நெடுநாளாக மனத்தில் இருந்த கேள்வி மீண்டும் எழுந்தது: தரவு வகைகளை ஒன்றோடொன்று கலக்காதபடி கண்டிப்பாகப் பிரித்தால் நிரலின் வேகம் குறையுமா?

நம் மொரிசியஸ் ரூபாயும் இந்திய ரூபாயும் கணக்கேட்டில் வெறும் எண்களாக இருந்தால் அவற்றைக் கூட்டிவிடலாம். விடைதான் தவறாக இருக்கும். நினைவகத்தைப் பக்கங்கள் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, எது எங்கே இருக்கிறது என்று பல மட்டங்களில் குறித்துவைக்கும் பக்க அட்டவணையின் பதிவுகளும் அப்படித்தான். ஒவ்வொரு மட்டத்தின் எண்ணையும் ஸ்ட்ரக்ட் என்ற பொதியாகத் தனி வகைக்குள் வைத்தால், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அனுப்பும் பிழையை, நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரே பிடித்துவிடும். 64 பிட் எக்ஸ்86 செயலிகளில் அந்த ஸ்ட்ரக்ட், செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற அதிவேகச் சேமிப்பிடத்திலேயே செல்வதால் கூடுதல் செலவு இல்லை. வேறு சில செயலிக் கட்டமைப்புகளில் அது நினைவகம் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்ததால், அங்கே வெறும் எண்ணையே வைத்துக்கொண்டார்கள். அதை நான் குறை கூறமாட்டேன்.

என்னை உண்மையில் கவர்ந்தது, 2022 ஜனவரியில் வெளியான கெர்னலின் 5.16 பதிப்பில் அதன் நிரலாளர் மேத்யூ வில்காக்ஸ் கொண்டுவந்த ஃபோலியோ என்ற தரவு வகை. அதுவரை ஒரு பக்கத்தின் சுட்டியை (முகவரியை) பெற்ற செயற்கூறு, அது பல பக்கங்கள் சேர்ந்த கூட்டுப் பக்கத்தின் தலையா (முதல் பக்கமா) வாலா (மற்றவற்றில் ஒன்றா) என்று தெரியாமல், தலையைத் தேடும் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தது. ஃபோலியோ ஒருபோதும் வால் பக்கமாக இராது என்பதை வகையே உறுதிசெய்வதால் அச்சோதனைகள் தேவையற்றுப் போயின. இங்கே பாதுகாப்பே வேகத்தையும் தந்தது.

ஆனால் ஒவ்வொரு 4 கிலோபைட் பக்கத்துக்கும் உள்ள 64 பைட் விவரப் பதிவில், ஒரே இடத்தைப் பல பயன்கள் யூனியனாகப் பகிர்கின்றன; எது செல்லுபடியாகும் என்று கம்பைலருக்குத் தெரியாது. எந்தப் பயன் என்று காட்டும் அடையாளத்துக்கென ஒவ்வொரு பதிவிலும் 8 பைட் சேர்த்தால், 16 ஜிகாபைட் கணினியில் 32 மெகாபைட் போய்விடும். அதனால், 5.17 பதிப்பில் சிறு தரவுப் பொருள்களுக்கு இடம் ஒதுக்கும் ஸ்லாப் பக்கங்களுக்குத் தனி வகை பிரித்ததைப் போல, இடம் கூட்டாமல் வகைகளை மட்டும் பிரிக்கும் வழியையே நான் விரும்புகிறேன்.