மாமி வைத்த நேர்த்தி

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் எனக்குப் புதியவள் இல்லை. வன்னியில் பிறந்த யாருக்குத்தான் புதியவள்? அப்பாவின் உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் சாக்கு விரித்து, வைகாசிப் பொங்கலுக்குப் போன காலம் முதல் அந்த வாசலைத் தெரியும். ஆனால் இந்த வருடம் பிச்சை அரிசியோடு போனேன்.

நேர்த்தி என்னுடையதல்ல, மாமி வைத்தது. 2009-இல், போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள் வெக்கை கொதிக்க, இவர் எங்கே, இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நாட்களில், மாமி வற்றாப்பளைத் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, "என்ரை பிள்ளையை உயிரோட தந்திடு தாயே, மருமகள் மடிப்பிச்சை எடுத்து உனக்குப் பொங்குவாள்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரம் கேட்டிருந்தால் தீ மிதிக்கவும் சம்மதித்திருப்பேன், அது வேறு கதை.

அம்மன் தந்தாள். மெலிந்து கறுத்து, ஒரு காது சரியாகக் கேளாமல், ஆனாலும் முழு ஆளாக இவர் வந்து சேர்ந்தார்.

மீளக் குடியேறினோம். தகரம் போய் ஓடு வந்தது. நான் வேலை செய்யும் பிரதேச செயலகத்தில் எனக்கென்று ஒரு மேசையும், மேசைக்கு முன்னால் இரண்டு கதிரையும், கதிரைக்குப் பின்னால் ஒரு வரிசையும் வந்தன. "மிஸ் வந்திட்டாவோ?" என்று வாசலில் யாராவது கேட்பது காதில் விழுந்தால் நடையே கொஞ்சம் மாறும். வைகாசி பிறந்தால் மாமி நேர்த்தியை நினைவுபடுத்துவார். நான் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி அனுப்பினேன். அம்மனுக்குப் பட்டு வாங்கிக் கொடுத்தேன். மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "மூட்டையாக் குடுத்தா அது தானம் பிள்ளை. நான் சொன்னது பிச்சை."

மாமியின் ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு இவர் மெல்லக் கதையைத் தொடங்கினார். "அம்மா வைச்ச நேர்த்தி ஒண்டு கிடக்கு..." என்று இழுத்தார். கிடக்கட்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கட்டில் தலைமாட்டில் மாமியின் படம் பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்றேன்.

தெரியாத ஊருக்குப் போய் எடுத்தால் என்ன என்றும் யோசித்துப் பார்த்தேன். வவுனியாப் பக்கம் போனால் யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனால் மாமி நினைத்தது எங்கள் ஒழுங்கையைத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலையில் தோய்ந்து, மஞ்சள் சேலை கட்டி, வெறுங்காலோடு இறங்கினேன். முதல் வீடுகளில் ஒரு கரைச்சலும் இல்லை. சொல்லப்போனால் அதுதான் கரைச்சல். ஒரு வீட்டில் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். இன்னொரு வீட்டில் தேத்தண்ணி வைக்கிறோம் என்று நின்றார்கள். ஓர் ஆசிரியர் வீட்டில் ஐந்து கிலோ கீரிச்சம்பாப் பையை வாய்கூட அவிழ்க்காமல் இரண்டு கையாலும் நீட்டினார்கள். "மடியில கொஞ்சம் போட்டாக் காணும்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பிச்சை எடுக்கப் போன இடத்திலும் மிஸ் மிஸ்ஸாகத்தான் இருந்தா. மனதுக்கு அது நன்றாகவும் இருந்தது.

ஒழுங்கைக் கடைசியில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறா. வீட்டுத்திட்டப் படிவத்தோடு என் மேசைக்குப் பலமுறை வந்தவ. ஒருமுறை காணிப் பத்திரம் இல்லை, ஒருமுறை கிராம சேவகரின் கடிதம் இல்லை, ஒருமுறை அடையாள அட்டைப் பிரதி இல்லை. சட்டப்படி நான் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தப் படலைக்கு முன்னால் நின்று "வற்றாப்பளை அம்மனுக்கு மடிப்பிச்சை" என்று சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. அலுவலகத்தில் ஐந்து மேசை தள்ளிக் கேட்கிற குரல் என்னுடையது.

ஆச்சி வெளியே வந்தா. என்னை மேலும் கீழும் பார்த்தா. விரித்துப் பிடித்த மடியைப் பார்த்தா. அப்புறம் முன்பல் இல்லாத வாயால் ஒரு சிரிப்போடு கேட்டா:

"ஐடென்டிக்காட் போட்டோக்கொப்பி கொண்டு வந்தனீங்களோ மிஸ்?"

பக்கத்து வேலிக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது மடல் இரண்டும் நெருப்பாகிவிட்டன. திரும்பிப் போய்விடலாம் என்று காலும், இரண்டு வார்த்தை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வாயும் துடித்தன. மடியில் அரிசி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றது கிடையாது.

ஆச்சி உள்ளே போய் ஒரு சுண்டு நிறைய அரிசியோடு வந்தா. தலை வழித்து அளந்ததல்ல, குவித்து அள்ளியது. கொட்டும்போது கொஞ்சம் மணலில் சிந்திவிட்டது. அந்த வயதிலும் குந்தியிருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, ஊதி, மடியில் போட்டா. "அம்மாளாச்சியின்ரை அரிசி, கால் படக்கூடாது" என்றா. எழும்புவதற்கு என் கையைத்தான் பிடித்தா. காய்ப்பு ஏறிய கை. வேறு ஒன்றும் பேசவில்லை.

அன்று பின்னேரம் சுளகில் போட்டுப் புடைத்தேன். எத்தனை நிறம்! சிவப்புப் பச்சை, வெள்ளைச் சம்பா, புழுங்கல், குறுணல், ஒரு பிடி மொட்டைக்கறுப்பனும் கூட. இடையிடையே உமி போகாத நெல். பள்ளிக்கூடத்தில் சமய பாடத்துக்கு வந்த ரீச்சர் கரும்பலகையில் ஒரு நெல்லைக் கீறி, நெல்லுக்கு உமி எப்படியோ உயிருக்கு ஆணவம் அப்படி, வெளியிலிருந்து வந்து ஒட்டியதில்லை, தொடக்கம் தொட்டே கூட இருப்பது என்று சொல்லித் தந்தது நினைவு வந்தது. ஆணவம், கன்மம், மாயை என்று சோதனைக்குப் பாடமாக்கியதோடு சரி. ஆனால் சைவ சித்தாந்தத்தில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. முத்தியிலும் ஆணவம் இல்லாமல் போய்விடாதாம், வலி கெட்டுக் கிடக்குமாம், அவ்வளவுதான். முத்தி பெற்ற உயிருக்கே அப்படி என்றால் இந்த மேசைக்கார மிஸ் எந்த மூலைக்கு? சுளகைத் தட்டிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் வந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

திங்கட்கிழமை விடிய முதலே வான் பிடித்துப் புறப்பட்டோம். பரந்தனால் திரும்பிப் புதுக்குடியிருப்புப் பக்கமாகவும் போகலாம். இந்த முறை ஏ9 வழியைப் பிடித்தோம், முறிகண்டிப் பிள்ளையாரிடம் சொல்லாமல் மாமி ஒரு பயணமும் போனதில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரருக்கு வானுக்குள் இருந்தே ஒரு கும்பிடு. முள்ளியவளை தாண்டியதும் வாகனம் நகரவில்லை. பாற்செம்போடும் காவடியோடும் நடந்து போகிறவர்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நாங்களும் இறங்கி நடந்தோம்.

கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? வருடா வருடம் கூடுகிறது. வீட்டு முற்றத்தில் வாகனம் விட 500 ரூபாய் கேட்கிறார்கள், சரி, அவர்களுக்கும் வருடத்தில் ஒரு நாள். ஆனால் இரண்டு விறகுக்கட்டைக்குச் சொன்ன விலைக்கு ஒரு மரமே வாங்கலாம். ஒரு பொடியன் வந்து, "அன்ரி, பக்கத்தால உள்ளுக்கு விடுறன், ஆளுக்கு 1000" என்று காதுக்குள் சொன்னான். இவர் துரத்திவிட்டார். தூக்குக்காவடி வரும்போது வழி விடாமல் நின்று தொலைபேசியில் படம் பிடிக்கிறவர்களை என்ன செய்வது? காணாமல் போன பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நந்திக்கடல் பக்கமிருந்து வந்த காற்றில் புகையும் மணலும்தான் வந்தன.

மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினோம். ஊரில் என் பொங்கலுக்கு ஒரு பெயர் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த அரிசியோ பாதி குழைந்து பாதி கல்லாக நின்றது. புழுங்கலும் பச்சையும் ஒரு பானையில் ஒன்றாக வேகுமா? பக்கத்து அடுப்புக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, தண்ணி காணாதோ?" என்று கேட்டதும் உள்ளே இருந்த மிஸ் எழும்பி உட்கார்ந்துவிட்டா. கடையில் நல்ல பச்சரிசி ஒரு கிலோ வாங்கி வேறு பானையில் போட்டால் என்ன என்று கணக்குப் போட்டா. சரி, இரு என்று அவவை ஒரு பக்கம் இருக்க விட்டு, இன்னும் கொஞ்சம் பால் ஊற்றிக் கிண்டினேன். அகப்பை கனத்தது.

தரிசனத்துக்கு வரிசையில் நின்று நின்று கால் மரத்துவிட்டது. பின்னால் நின்றவளின் தோளில் இருந்த குழந்தை சர்க்கரைக் கையால் என் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மிஸ் என்று கூப்பிட அங்கே ஆளில்லை. தள்ளினார்கள், தள்ளுப்பட்டேன். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது விளக்கு. போன திங்கள் சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தம், காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை எரிந்து, இங்கே வந்து எரிகிறது. கடல் தண்ணியில் சுடர் ஆடாமல் நிற்கிறது.

கேட்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தேன். மகளின் சோதனை, இவரின் காது, என் இடமாற்றம். ஒன்றும் வாயில் வரவில்லை. "மாமி எனக்குச் செய்த வேலையைப் பார்த்தியா தாயே" என்றுதான் வந்தது. முறைப்பாடு! அம்மன் சந்நிதியில் மாமியைப் பற்றிக் கோள் சொல்கிறேன்! சொன்ன அந்த நொடியில், சின்ன வயதில் இருந்து கேட்ட கதை நெஞ்சில் வந்து இடித்தது. மதுரையை எரித்துவிட்டு வந்தவள் நந்திக்கடல் கரையில் ஒரு கிழவியாய் வந்து நின்று மாடு மேய்க்கும் பொடியளிடம்தானே பசிக்குது என்று கேட்டாள்? அவர்கள் பொங்கிக் கொடுத்ததைத்தானே சாப்பிட்டாள்? எண்ணெய் இல்லை என்றதும் கடல் தண்ணியில் விளக்கேற்றச் சொன்னதும், பேன் பார்க்கச் சொன்ன தலையில் பொடியள் ஆயிரம் கண் கண்டதும் அதற்குப் பிறகுதான். முதலில் கேட்டாள். கையேந்தினாள். அவளுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எங்கிருந்து வந்தது?

அழுகை வந்துவிட்டது. நடுவில் நின்று தேம்பினேன். பின்னால் நின்றவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என் முதுகைத் தடவிவிட்டாள். யாரென்று தெரியாது, திரும்பிப் பார்க்கவும் விடவில்லை, கூட்டம் தள்ளிக்கொண்டு வெளியே விட்டுவிட்டது. தாயே, கூடாரத்துக்குள் இருந்து கும்பிட்ட கிழவியின் சொல்லைக் கேட்டவளே, என் மனிதனை எனக்குத் தந்தவளே, என்னையும் ஒரு படலையில் கையேந்த வைத்தவளே, உனக்குக் கோடி கும்பிடு. மாமி, உங்களுக்கும்தான்.

பிரசாதத்தைப் பிச்சை போட்ட வீடுகளுக்கெல்லாம் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியாக ஆச்சி வீடு. இந்த முறை படலையைத் திறந்து உள்ளே போய்த் திண்ணையில் இருந்தேன். வாழையிலைத் துண்டில் வைத்ததை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஒரு வாய் போட்டு மென்றா. மென்றுகொண்டே இருந்தா.

"மிஸ், அரிசி கொஞ்சம் வேகேல்லை."

"அது உங்கட அரிசிதான் ஆச்சி" என்றேன்.