சோலாருக்குக் கடன்: எழுபத்தைந்து பைசா வட்டிக் கணக்கு

மாடியில் சோலார் பேனல் வைக்கக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கிறது. ஆனால் அதைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியவர்களுக்கு வேறொரு கடனை விற்பதில்தான் கமிஷன். சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் அமைத்து முடிப்பதற்குள் இதை நன்றாகவே பார்த்துவிட்டேன்.

கோடையில் இரண்டு ஏசியும் ஓடினால் எங்கள் இரண்டு மாத ரீடிங் 1,000 யூனிட்டைத் தொட்டுவிடும். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம்தான். 500-ஐத் தாண்டியதும் மிச்ச யூனிட்டுகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. பில் ஏழாயிரத்தை ஒட்டி வந்தபோது, சோலார் வைத்துவிடலாம் என்று மாமியாரே சொல்லிவிட்டார்.

விலை கேட்ட ஒரு நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் 1,80,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்தார். கீழே கொட்டை எழுத்தில் ‘உங்கள் செலவு 1,02,000 மட்டுமே’ என்றிருந்தது. மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதைக் கழித்துத்தான் அந்த 1,02,000. மானியமோ பேனல் பொருத்தி, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்புவதையும் சேர்த்து அளப்பது) வைத்து, எல்லாம் பதிவான பிறகுதான் வரும். அதுவரை முழுத் தொகைக்கும் நாம்தான் வழி பார்க்க வேண்டும்.

“அதற்கு நாங்களே ஃபைனான்ஸ் ஏற்பாடு செய்கிறோம் மேடம். எழுபத்தைந்து பைசா வட்டிதான்” என்றார்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். ஒரு ரூபாய் வட்டியும் ஒன்றரை ரூபாய் வட்டியும் தினமும் காதில் விழுகிற இடம். நூற்றுக்கு மாதம் எழுபத்தைந்து பைசா என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமா என்று கேட்டேன். அவர் கால்குலேட்டரை எடுத்து, மாதம் 4,350 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகள் என்று மட்டும் காட்டினார். பெருக்கினால் 2,61,000. கடைசி மாதம் வரைக்கும் முழு 1,80,000-க்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 16 சதவீத வட்டி. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார்.

நகையை அடகு வைக்கலாம் என்றார் என் கணவர். அன்றைக்கே பணம் கைக்கு வந்துவிடும், உண்மைதான். ஆனால் ஓராண்டு முடிந்ததும் அசலைக் கட்டி மீட்க வேண்டும், இல்லையென்றால் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். சோலார் தன் விலையை ஓராண்டிலா திருப்பித் தரப்போகிறது?

இதே திட்டத்தோடு சேர்ந்து வங்கிக் கடனும் உண்டு. 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்குள், சொத்து ஜாமீன் தேவையில்லை. வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) மேல் அரை சதவீதம். 2025 மார்ச்சில் ரெப்போ 6.25, எனவே கடன் வட்டி 6.75. அதுவும் குறையும் அசலுக்கு. மத்திய அரசின் ‘ஜன் சமர்த்’ கடன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

சம்பளக் கணக்கு இருக்கும் கிளைக்குப் போனால், அப்படியொரு கடனே தங்களிடம் இல்லை என்றார்கள். கையோடு தனிநபர் கடன் படிவத்தை நீட்டினார்கள். மாலைக்குள் ஒப்புதல் வாங்கித் தருவதாக ஆசையும் காட்டினார்கள். நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஜன் சமர்த்தில் வேறொரு பொதுத்துறை வங்கியைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தேன். அங்கே கடன் பிரிவில் இருந்த அம்மா ஆதார், பான், மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, கொட்டேஷன் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?” என்று கேட்டார்.

மாமனார் பெயரில். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பில் அவர் பெயரில் வந்துகொண்டே இருந்தது, நாங்களும் கட்டிக்கொண்டே இருந்தோம். சேலத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான் என்று நினைக்கிறேன். கடன் வாங்குபவரும் மின் நுகர்வோரும் ஒருவராக இருக்க வேண்டும் என்றார் அவர். வாரிசுச் சான்றிதழ் கையில் இருந்ததால் பிழைத்தோம். மாமியாரும் ஏற்காட்டில் இருக்கும் நாத்தனாரும் சம்மதக் கடிதம் தர, இணைப்பு என் கணவர் பெயருக்கு மாறியது. மொத்த வேலையிலும் நேரம் தின்றது இதுதான். சோலார் யோசனை இருப்பவர்கள் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே பில்லில் இருக்கும் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வண்டி ஓடியது. எங்கள் பங்கு 10 சதவீதம், 18,000 ரூபாய். மீதி 1,62,000-ஐ வங்கி நேராக நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பியது. திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால்தான் இது நடக்கும். பேனலும் அதன் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம். இரண்டையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கினேன். மின்வாரியத்தினர் வந்து பார்த்து நெட் மீட்டர் பொருத்தினார்கள். (கரண்ட் போனால் பேனலும் நின்றுவிடும் என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. பேட்டரி இல்லாத அமைப்பு அப்படித்தான். பழைய இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.)

தவணை மாதம் 1,860 ரூபாய். பத்து ஆண்டுகள். 78,000 மானியம் வந்ததும் அதை அப்படியே கடனில் கட்டினோம். தவணையைக் குறைக்கலாமா என்று வங்கியில் கேட்டார்கள். தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்றேன். இனி நான்கரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. 2025 ஏப்ரலிலும் ஜூனிலும் ரெப்போ இறங்கி 5.50-க்கு வந்தது வேறு லாபம்.

3 கிலோவாட்டுக்கு நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வரை வருகிறது. கோடையில் மிச்சமாகும் பில் தவணையைத் தாண்டி நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தவணைதான் பெரிது, கையிலிருந்து போட வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதற்குமாகத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது நாத்தனாருக்கும் ஆசை வந்துவிட்டது. ஏற்காட்டில் அவர் வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்கள், பாதி நாள் மூடுபனி. 3 வேண்டாம் அண்ணி, 2 போதும் என்று சொல்லியிருக்கிறேன். 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால், பழைய கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துப் புதிதாகக் கேட்டிருக்கிறார். பில் அவர் பெயரிலேயே இருக்கிறது. அதை முதலில் கேட்டுவிட்டேன்.